சீமை ஒத்து

கோரைமங்கலத்தில் ஒரு சிம்பொனி இசைக்குழு இருந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. அந்தக் குழுவின் ஓபோக்காரர் இறந்த பிறகும் அவர் ஊதிய ஸ்வரம் இருபத்திரண்டு வருஷம் நிற்காமல் ஒலித்தது என்றால், அதை மட்டும் சட்டென்று நம்பிவிட்டு, அது சரி, சிம்பொனி எப்படி அங்கே வந்தது என்று கேட்கிறார்கள்.

வந்த விதம் இதுதான். ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தை மூடியபோது, பண்டக அறையில் நாற்பத்தோரு வாத்தியங்கள் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். அவற்றை ஏலத்தில் விடக்கூடாது என்று வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டார் அந்தப் பள்ளியின் பாட்டு வாத்தியார் இஞ்ஞாசி மாஸ்டர். அதன் பிறகு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு கையோ ஒரு மூச்சோ தேடி ஊரெல்லாம் அலைந்தார். வயலின்கள் மாதாகோயில் பாடகர்களுக்குப் போயின. பித்தளைக் குழல்களைக் கல்யாண பேண்டு செட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஆளுயரப் பிடிலைத் தூக்கக்கூடியவர் சர்க்கரை ஆலையின் பாய்லர்காரர் ஒருவர்தான் என்பதால் அது அவருக்கு. கடைசியில் மிஞ்சியது வெள்ளிச் சாவிகள் வைத்த மெல்லிய கறுப்புக் குழல் ஒன்று. ஊரில் யார் ஊதியும் அது பேசவில்லை.

அந்த வருஷம்தான் சிவன் கோயிலில் மின்சாரச் சுருதிப் பெட்டி வாங்கினார்கள். நாயனக்காரர் ராகத்தில் எங்கெங்கோ போய்வர, பக்கத்தில் நின்று ஒரே ஒரு ஸ்வரத்தை, மூச்சை மூக்கால் இழுத்துக் கன்னத்தில் சேர்த்து வாயால் விட்டு, இடைவெளியே இல்லாமல் பிடித்துக்கொண்டிருக்கும் குழலுக்கு ஒத்து என்று பெயர். அதை ஊதிக்கொண்டிருந்த சாரநாதனுக்குப் பெட்டி வந்த மறுநாளே வேலை போயிற்று.

"என்னய்யா சாரநாதா, கோயில்ல உன்னை நிறுத்திட்டாங்களாமே?" என்று மாஸ்டர் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எங்க நிறுத்துனாங்க மாஸ்டர்? பொட்டி வாங்குனாங்க. பொட்டிக்கு வேட்டி வேணாம், வெத்தல வேணாம், மூச்சும் வேணாம். நான் நானாத்தான் வந்துட்டேன்."

மாஸ்டர் துணியைப் பிரித்துக் கறுப்புக் குழலைக் காட்டினார். சாரநாதன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், முகர்ந்தான். "இது நம்ம வகையறாதான் மாஸ்டர். சீவாளிதான் செத்துப்போயிருக்கு" என்றான்.

நாயனத்தின் வாயில் செருகும் நாணல் நாக்குக்குச் சீவாளி என்று பெயர். அதைச் சீவிக் கட்டுவதில் அவன் மனைவி தையல்நாயகிக்கு நல்ல கை. நாயனக்காரர் சாமிக்கண்ணுப் பிள்ளையின் மகள் அவள். அந்தச் சாமிக்கண்ணுப் பிள்ளைக்குத்தான் சாரநாதன் பதினான்கு வருஷம் ஒத்து ஊதினான். நாணலை வேகவைத்து, உலர்த்தி, நகக்கண் அளவுக்கு இழைத்து, மூன்று சீவாளிகளைப் பாழாக்கி நான்காவதை அவள் கட்டிக் கொடுத்ததும், பத்து வருஷம் ஊமையாகக் கிடந்த குழல் வாய் திறந்தது. கேட்டவர்கள் அதற்குச் சீமை ஒத்து என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் பிறகு நடந்ததற்கெல்லாம் காரணம்.

ஏனென்றால் இசைக்குழுவுக்குச் சுருதி கொடுப்பது ஓபோ என்கிற இந்தக் குழல்தான் என்று மாஸ்டர் புத்தகத்தில் படித்திருந்தார். எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் இல்லை. அவர் சிம்பொனியைக் கற்றதெல்லாம் கிராமபோன் தட்டுகளில். தட்டில் யாரும் சுருதி சேர்ப்பதைப் பதிவு செய்வதில்லை. மற்ற ஊர்களில் ஓபோக்காரர் நாலு மூச்சு ஊதிவிட்டுக் குழலைக் கீழே வைப்பாராம். கோரைமங்கலத்தில் அது சீமை ஒத்து அல்லவா? ஒத்தைத் தொடங்கினால் சபை கூடி, தலைமை ஏற்பவர் அமர்ந்து, கச்சேரி புறப்படும்வரை நிறுத்தக்கூடாது. நடுவில் நின்றால் அபசகுனம். இதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இந்த ஸ்வரத்துக்குப் பேரு ஏ" என்றார் மாஸ்டர்.

"ஏ-வா?" சாரநாதன் சிரித்தான். "வீட்ல அவள நான் கூப்பிடறதே அப்படித்தான் மாஸ்டர்."

இப்படித்தான் தொடங்கியது கோரைமங்கலம் சிம்பொனி இசைக்குழு. ஊர் வாயில் அது சிமினி கோஷ்டி. ஆலைக்கு ஒரு சிமினி, ஊருக்கு ஒரு சிமினி என்று டீக்கடையில் கேலி செய்தவர்கள்கூட ஆண்டுவிழாவுக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். நான்காவது ஆண்டுவிழாவுக்கு மாஸ்டர் தானே ஒரு உருப்படி எழுதினார். ஆறு கடலில் சேர்வதைப் பற்றியது. அதன் நடுவில் ஓரிடத்தில் எல்லா வாத்தியங்களும் நின்றுவிட, சீமை ஒத்து மட்டும் தனியே எட்டு ஆவர்த்தனம் போக வேண்டும்.

எட்டு ஆவர்த்தனம் என்றால் ஒரு தாலாட்டில் பாதி. ஆனால் சாரநாதன் பிறந்ததிலிருந்து ஒரே ஸ்வரத்தில் நின்றவன். அடுத்தவர் ராகம் பாட, தான் தரையாகக் கிடந்தவன். தனக்கென்று ஒரு பாட்டு வந்திருக்கிறது என்று கேட்ட அன்று அவன் சாப்பிடவில்லை. ஒரு மாதம் குழு கூடும் நகராட்சி மண்டபத்திலேயே பழகினான். வீட்டில் ஒரு தடவை ஊதிக் காட்டச் சொன்னதற்கு மறுத்துவிட்டான்.

"சபையில கேளு. ஊரே கேக்கும்போது நீயும் கேளு. முன்னாடியே கேட்டுட்டா அப்பறம் உன் மூஞ்சிய பாக்கறதுல எனக்கு என்ன இருக்கு?"

"ரொம்பத்தான்" என்றாள் தையல்நாயகி.

அந்த மாலை சிறப்பு விருந்தினரின் கார் ஆற்றுப்பாலத்தில் கரும்பு வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அவர் வந்துவிட்டார் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சாரநாதன் ஏ கொடுக்கத் தொடங்கியிருந்தான். வரவில்லை என்று தெரிந்தபோது தொடங்கியதை நிறுத்த முடியாது. வயலின்கள் சுருதி சேர்த்து முடித்தன, மறுபடியும் சேர்த்தன, பிறகு மடியில் படுத்துக்கொண்டன. இரண்டு மணி பத்து நிமிஷம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்நாயகி அவன் கன்னங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். புடைத்தன, ஒடுங்கின, புடைத்தன, ஒடுங்கின. ஒரு கட்டத்துக்குமேல் கன்னங்கள் அசையவேயில்லை, ஸ்வரம் மட்டும் எண்ணெய் ஒழுகுவதுபோல் வந்துகொண்டிருந்தது. இத்தனை லாகவம் இவருக்கு எப்போது வந்தது என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைப் பிற்பாடு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

விருந்தினர் வந்து அமர்ந்தார். மாஸ்டர் கோலை உயர்த்திப் போதுமென்று கை காட்டினார். குழல் சாரநாதனின் உதட்டிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. ஸ்வரம் நிற்கவில்லை.

விருந்தினர் அமர்ந்துவிட்டபடியால் அவர்கள் வாசித்தார்கள். எட்டு ஆவர்த்தனம் வந்தபோது எல்லா வாத்தியங்களும் நிற்க, அந்த ஒற்றை ஸ்வரம் மட்டும் இருந்தது. உயிர் போய் முக்கால் மணி இருக்கும் என்று டாக்டர் சொன்னபோது விருந்தினர் மாலையைக் கழற்றிப் பிணத்தின்மேல் போட்டார். மறுநாள் உடலை ஆற்றங்கரையில் எரித்தார்கள். மண்டபத்தில், காலி நாற்காலிக்கு மேலே, ஆள் உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்தில், ஏ அப்படியே இருந்தது.

மின்வாரியத்திலிருந்து வந்து கம்பிகளைப் பார்த்துவிட்டு எங்களுடையதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். நகராட்சிக் கூட்டத்தில், மண்டபத்தில் நிலவும் ஸ்வரத்துக்கு இடையூறு இல்லாமல் மற்ற நிகழ்ச்சிகள் நடத்திக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு மாதத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. மண்டபத்துக்கு அருகே நன்றாகவும், கடைத்தெருவில் சுமாராகவும், கடல் காற்று வீசும் நாட்களில் ரயிலடி வரைக்கும் அது கேட்டது. கீரைக்காரிகள் தங்கள் கூவலை அதன்மேல் ஏற்றி வைத்துக்கொண்டார்கள். பள்ளிவாசலில் மோதினார் பாங்கின் முதல் ஒலியை அதன் தோளிலிருந்து எழுப்பினார். தாய்மார்கள் தாலாட்டின் கடைசி வரியை முடிக்காமலே எழுந்து போனார்கள். மீதியை அது பார்த்துக்கொண்டது. வாக்கப்பட்டு வந்த பெண்கள் மூன்று நாள் தலைவலி என்று அழுதார்கள். பிறகு பிரசவத்துக்குத் தாய்வீடு போன இடத்தில், இங்கே ஒன்றும் கேட்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று அழுதார்கள். அதை ஸ்வரம் என்றுகூட யாரும் சொல்வதில்லை. "இன்னிக்கி சாரநாதன் தெளிவா இருக்காரு, மழ வரும்" என்றார்கள். "சாரநாதனுக்குக் கேக்கற தூரத்துல ஒரு வீடு பாருங்களேன்" என்றார்கள். ஊரில் எல்லோரும் நாளுக்குப் பத்து முறை அந்தப் பெயரைச் சொன்னார்கள், கட்டியவன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லாத அவளைத் தவிர.

இதில் பழகாமல் மிஞ்சியது அவள் ஒருத்தி.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஐயர் வந்து மணையில் உட்கார்ந்தார். காதைத் தீட்டிக்கொண்டார். எழுந்துவிட்டார். "மூச்சு நிக்காதவருக்கு நான் எப்படிம்மா கருமாதி பண்றது? எந்த மந்திரத்துல இடமிருக்கு?" என்றார். பங்காளிகள் பேசினார்கள், பேசினார்கள், பேசி, மூச்சு இருக்கிறவரைக்கும் மனுஷன் இருக்கிறான் என்று முடித்தார்கள். அவள் தாலியை யாரும் தொடவில்லை. அஸ்தியைக் கரைத்த பெண்ணின் நெற்றியில் பொட்டு இருந்தது. அழ உட்கார்ந்தால், "அவரு காதுல விழும் தையு, அபசகுனமா அழாத" என்று எழுப்பிவிட்டார்கள். சில வருஷங்களில் அது வேறு மாதிரி ஆயிற்று. செத்தும் புருஷனை விடாதவள் என்று கல்யாண வீடுகளில் முதல் மஞ்சள் இடிக்க அவளைக் கூப்பிட்டார்கள். புதுப்பெண்கள் அவள் கையால் குங்குமம் வாங்கக் காத்து நின்றார்கள். அவள் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கையைக் கழுவினாள். அடுப்படியில், கொல்லையில், எங்கே நின்றாலும், ஏ என்று அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். என்ன என்று கேட்டால் பதில் இல்லை.

இசைக்குழு செழித்தது. ஓபோவுக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை. சுருதி எப்போதும் மண்டபத்தில் தயாராக இருந்தது. ஒவ்வொரு பங்குனியிலும் அதே உருப்படியை வாசித்தார்கள். எட்டு ஆவர்த்தனம் வந்ததும் வயலின்காரர்கள் வில்லை மடியில் வைத்துக்கொள்ள, மாஸ்டர் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக் கோலை நீட்டிக் காத்திருப்பார். இந்த வருஷம் நகரும், ஒரு படி ஏறினாலும் போதும், அவன் தன் பாட்டைப் பாடிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவான். பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்ட தையல்நாயகியும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். ஏ நகராது. எட்டு ஆவர்த்தனமும் ஒரே ஸ்வரமாகக் கழியும். வாத்தியங்கள் சேர்ந்துகொள்ளும். சபை கைதட்டும்.

"அடுத்த வருஷம் பாரேன்" என்பார் மாஸ்டர்.

அது ஏன் நகரவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவன் கோயிலில் ஒத்து ஊதிய காலத்தில், ஒரு தேர்த்திருவிழாவில், மண்டகப்படியில் சாமி நின்றபோது, சாமிக்கண்ணுப் பிள்ளை நாயனத்தை உறையில் போட்டுவிட்டு ஒத்துக்காரனை மறந்து சாப்பிடப் போய்விட்டார். ஒன்றரை மணி கழித்து ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து பார்த்தால், பந்தல்காலில் சாய்ந்து, கண்ணெல்லாம் சிவந்து, சாரநாதன் ஊதிக்கொண்டே நிற்கிறான். ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி அவர் சிரித்துவிட்டு, "போதும்டா சாரநாதா" என்றார். அப்போதுதான் நிறுத்தினான். ஒத்துக்காரன் தானாக நிறுத்துவதில்லை, தானாக நகர்வதும் இல்லை. நாயனத்தின் வாயிலிருந்து அந்தச் சொல் வரவேண்டும். கோல் ஆட்டுகிற மாஸ்டரின் கையெல்லாம் அவனுக்குப் பொருட்டே இல்லை. நாயனக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். நாயனத்து வீட்டில் மிச்சமிருப்பவள் இவள்தான்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் நின்றுவிடும், எட்டு ஆவர்த்தனம் என்றென்றைக்கும் போய்விடும். வாழ்க்கையில் ஒருமுறை ஒரு பாட்டு வந்த மனுஷனின் வாயை மூடவா என்று அவள் ஒவ்வொரு பங்குனியும் தள்ளிப்போட்டாள். இருபத்தோரு பங்குனி.

ஆனால் சீவாளி கட்டியவளுக்குச் சீவாளியின் வயது தெரியும். ஏழெட்டு வருஷத்தில் ஸ்வரம் ஒரு மயிரிழை இறங்கிவிட்டது. பத்தாவது வருஷம் அதன் அடியில் எச்சில் ஊறிய சத்தம் வந்தது. பதினைந்தில், மதிய வேளைகளில், அது தூங்கி விழப்போய்த் திடுக்கிட்டு நிமிர்வதை அவள் கேட்டாள். இசைக்குழுவுக்கு இது தெரியவில்லை, ஏனென்றால் அவர்களும் கூடவே இறங்கினார்கள். வயலின்காரர்கள் தந்தியைத் தளர்த்தினார்கள். கிளாரினெட்காரர்கள் மூட்டுகளை இழுத்து நூல் சுற்றினார்கள். டிரம்பெட்டுகளுக்கு ஆலைப் பட்டறையில் விரற்கடை நீளத்துக்குக் குழாய் வைத்துப் பற்றவைத்தார்கள். ஊரே இறங்கியது, கீரைக்காரியின் கூவல், தாலாட்டு, பாங்கு, எல்லாம்.

இருபத்திரண்டாம் வருஷம் மெட்ராஸில் நடந்த இசைவிழாவுக்கு அழைப்பு வந்தது. முப்பத்துமூன்று பேர் ரயிலேறிப் போனார்கள். தையல்நாயகியையும் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு சின்னப் பெண் பியானோவில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஏ தட்டினாள். இவர்கள் தங்கள் ஏ-யை வாசித்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம். சபையில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பலர். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல், "அங்கிள், உங்க ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று மாஸ்டரிடம் கேட்டாள்.

திரும்பும் ரயிலில் டிரம்பெட் மைதீன்தான் பேசினார். "பியானோவுலதான் கோளாறு. கடல் காத்து பட்ட மரம். ஊதிப் போயிருக்கும்."

"மெட்ராஸ் பூராவுமா ஊதிப் போச்சு?" என்றாள் முதல் வயலின்காரியான எஸ்தர் டீச்சர்.

காலையில் வண்டி கோரைமங்கலம் எல்லைக்குள் நுழைந்தது. கடல் காற்றில் ஜன்னல் வழியே ஸ்வரம் வந்தது. இரண்டு நாள் வேறு சுருதி கேட்ட காதுகளுக்கு அது முதல்முறையாக உள்ளபடி கேட்டது: நெடுநேரம் நின்று, முழங்கால் நடுங்கி, சொல்லமாட்டாமல் நின்றுகொண்டே இருக்கும் ஒரு ஆள். மைதீன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பாய்லர்காரர் கிழவராகியிருந்தார், அவர் எழுந்து நின்றார், வண்டி நிற்கும்வரை உட்காரவில்லை.

மாஸ்டர் அன்று மத்தியானமே அவள் வீட்டுக்கு வந்தார். எண்பது வயசு, கை கோலில்லாமலே ஆடியது.

"தையல்நாயகி, நீ ஏதோ நெனைக்கிறே. உன் மொகத்துல தெரியுது. இன்னும் ஒரு வருஷம். உருப்படிய அவன் சுருதிக்கு எறக்கி எழுதறேன். ஏறச் சொன்னதாலதான் அவனால முடியல. எறங்கற மாதிரி எழுதிட்டா நகருவான்."

"மாஸ்டர், அவரு களைச்சுட்டாரு."

"எனக்குத் தெரியாதா? நான்தானேம்மா உக்கார வெச்சேன்." அவர் அழுதார். "பாட்டு குடுக்கறேன்னு கூப்பிட்டு ஒத்து ஊத வெச்சுட்டேன். அத குடுக்காம அனுப்பச் சொல்றியா?"

அவள் மோர் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் எஸ்தர் டீச்சர் வந்தாள். கொல்லைப்படியில் இருவருமாக உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் உலை வைத்திருந்தது.

"டீச்சர், அந்த எட்டு ஆவர்த்தனம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? வருஷா வருஷம் வில்ல மடியில வெச்சுக்கிட்டு மனசுக்குள்ள அதத்தானே ஓட்டறேன். இல்லேன்னா திரும்ப எங்க சேர்றதுன்னு தெரியாதேக்கா."

"பாடுங்க."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க கேட்டதே இல்லையா?"

"சபையில கேளுன்னாரு."

எஸ்தர் டீச்சர் கீரையை மடியிலிருந்து தட்டிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினாள். சின்னப் பாட்டு. மூன்று படி ஏறியது, சற்று நின்றது, பக்கத்துப் படியை எட்டிப் பார்த்தது, மாடிக்குப் போனவர் எதற்குப் போனோம் என்று மறந்துபோய் இறங்கி வருவதுபோல அதே படிகளில் இறங்கி வந்தது. உலை கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்க்கா."

தையல்நாயகி காம்புகளைப் பொறுக்கி ஒரு பக்கமாகச் சேர்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "இதுக்கா நிக்க வெச்சோம்" என்றாள்.

உலையை இறக்கி வைத்துவிட்டு அவள் புறப்பட்டாள். டீச்சர் கூடவே தெருமுனைவரை வந்து நின்றுகொண்டாள். மண்டபக் காவலாளி, சாரநாதன் வீட்டம்மா வருகிறார்கள் என்று கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினான். உள்ளே வெயில் சன்னல் கம்பிகளாகத் தரையில் கிடந்தது. மேடையில் முப்பத்துமூன்று நாற்காலிகளும் அந்த ஒரு நாற்காலியும் இருந்தன. அவள் ஏறிப் போய் எதிரே நின்றாள். இவ்வளவு அருகில் அவள் வந்ததே இல்லை. ஸ்வரத்துக்கு ஒரு வெதுவெதுப்பு இருந்தது, வெற்றிலை வாசனைகூட லேசாக இருந்தது. அதன் விளிம்பு கிழிந்திருந்தது.

"நானும் டீச்சர்கிட்ட கேட்டுட்டேன்" என்றாள். "நல்ல பாட்டு. உங்களுக்குப் பொருத்தமான பாட்டு."

அது கேட்டதா என்று தெரியவில்லை. அது வேலையாக இருந்தது.

கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் சொன்னதில்லை; ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். இப்போது அதைச் சொல்ல வேண்டும், அதுவும் அப்பா சொன்ன மாதிரி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குப் புரியாது. முந்தானையில் கையைத் துடைத்தாள், ஈரமே இல்லாத கையை. தொண்டையைத் தடித்து வைத்துக்கொண்டு, சிரிக்கவும் முயன்றாள்.

"போதும்டா சாரநாதா" என்றாள்.

நின்றது. அறுந்து விழவில்லை, தேயவில்லை. சொல்லுக்காகக் காத்திருந்தவன் சொன்னதும் நிறுத்துவதுபோல் மரியாதையாக நின்றது. பிறகு யாரோ ஒரு மூச்சை முழுசாக வெளியே விட்டார்கள். அவள் புடவைத் தலைப்பு அசைந்தது. அவ்வளவுதான். பாட்டு ஒன்றும் வரவில்லை. ஒரு விநாடி அவள் அதற்காகவும் காத்திருந்தாள்.

அதன் பிறகு கோரைமங்கலம் இசைக்குழு மூன்று முறை கூடியது. முப்பத்துமூன்று பேருக்கும் முப்பத்துமூன்று ஏ நினைவிருந்தது. பழையது சரி என்றார்கள் சிலர், இறங்கியது சரி என்றார்கள் சிலர், மைதீன் நடுவில் ஒன்றை ஊதிக் காட்டிவிட்டு டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்தார். மாஸ்டர் ஆடி பிறப்பதற்குள் போய்விட்டார். வாத்தியங்களை ஏலத்தில் விட்டபோது குறுக்கே யாரும் படுக்கவில்லை. அந்த இசைக்குழுவின் வரலாறு என்று சொல்வதற்கு இதற்குமேல் ஒன்றுமில்லை.

அன்று அவள் மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது தெரு முழுவதும் நின்றிருந்தது. தராசுத் தட்டைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது. மரத்தடியில் காற்று மட்டும் போய் வந்தது. படகிலிருந்து தரையில் கால் வைத்தவர்கள்போல ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து அமைதியைக் கேட்டிராத பிள்ளைகள் வீடுகளுக்குள் ஒவ்வொன்றாக வீறிடத் தொடங்கின.

வாசலில் நுங்கு விற்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர்தான் எதுவும் விளங்காமல் அரிவாளும் கையுமாக விழித்துக்கொண்டிருந்தார். இவள் வந்து எதிரில் நின்றதும், "எத்தனம்மா வேணும்?" என்றார்.

"என் வீட்டுக்காரர் செத்துப்போயிட்டார்" என்றாள் தையல்நாயகி.

அவர் அரிவாளைக் கூடையில் வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். "அடடா. எப்பம்மா?"

"இப்பத்தான்" என்றாள்.

யாரும் எழுப்பிவிட வரவில்லை. அவள் மண்டபத்துப் படியில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். முதல் அடி மார்பில் விழுந்த சத்தம் ரயிலடி வரைக்கும் கேட்டது, அவ்வளவு அமைதியாக இருந்தது ஊர்.